‘நியர்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து

கேள்வி இது: “‘நியர்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘நேர்’ என்ற சொல்லிலிருந்து போனது என்று படித்தேன். உண்மையா? இல்லையென்றால் அதன் மூலம் என்ன? ‘நெக்ஸ்ட்’, ‘குளோஸ்’, ‘அட்ஜசென்ட்’, ‘பிராக்ஸிமிட்டி’ எல்லாவற்றுக்கும் அகராதியில் ‘அருகில்’ என்றே போட்டிருக்கிறதே, வேறுபாடு உண்டா?”

முதல் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ‘நியர்’ தமிழிலிருந்து போன சொல் அன்று. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்தால், ஆங்கிலத்தின் மிக அழகான சொற்கதைகளில் ஒன்றைச் சொல்லாமல் விட்ட பாவம் எனக்குச் சேரும். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு முழு வகுப்பை ஒதுக்கிய ஆண்டுகள் உண்டு.

‘நியர்’, ‘நேர்’ இரண்டையும் இணைப்பவர்கள் இரண்டு சொற்களின் முதலிலும் ‘ந’கரம், முடிவிலும் ‘ர’கரம் இருப்பதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த ரகரத்தில்தான் வழுக்குகிறது. ‘நியர்’ என்பதில் உள்ள ரகரம் வேரைச் சேர்ந்ததே இல்லை. அது பின்னால் வந்து ஒட்டிய விகுதி. ‘டால்’ என்பது ‘டாலர்’ ஆவதும் ‘ஸ்மால்’ என்பது ‘ஸ்மாலர்’ ஆவதும் நமக்குத் தெரியும். உயரமானவன், இன்னும் உயரமானவன். சிறியது, இன்னும் சிறியது. அந்த ‘-அர்’ விகுதியின் மூதாதைதான் ‘நியர்’ சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ‘நியர்’ என்பதற்குப் பிறப்பிலேயே இருந்த பொருள் ‘அருகில்’ அன்று, ‘இன்னும் அருகில்’.

அப்படியானால் வெறும் ‘அருகில்’ என்பதற்கு என்ன சொல் இருந்தது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் மூன்று வடிவங்களும் ஒரு வீட்டில் இருந்தன. அருகில் என்பதற்கு ‘நேஅஹ்’. இன்னும் அருகில் என்பதற்கு ‘நேஅர்’. எல்லாவற்றிலும் அருகில் என்பதற்கு ‘நீஹ்ஸ்ட்’. முதலாவது இன்றைய ஆங்கிலத்தில் ‘நை’ என்று தேய்ந்து, பழைய பாடல்களிலும் வேதாகமத்திலும் மட்டும் நடமாடுகிறது. இரண்டாவது ‘நியர்’. மூன்றாவது எது தெரியுமா? ‘நெக்ஸ்ட்’.

நாம் நாள்தோறும் சொல்லும் ‘நெக்ஸ்ட் வீக்’, ‘நெக்ஸ்ட் ஸ்டாப்’ என்பவற்றில் உள்ள அதே ‘நெக்ஸ்ட்’தான். பழைய ஆங்கிலத்தின் ‘ஹ்’ ஒலியும் ‘ஸ்’ ஒலியும் அடுத்தடுத்து வரும்போது பின்னாளில் ‘க்ஸ்’ என்று இறுகின. அதனால்தான் ‘நீஹ்ஸ்ட்’ நெக்ஸ்ட் ஆயிற்று. உயரத்தைக் குறிக்கும் ‘ஹை’ என்ற சொல்லுக்கும் இதே போக்கு இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் மிக உயர்ந்தது ‘ஹெக்ஸ்ட்’, மிக அருகிலுள்ளது ‘நெக்ஸ்ட்’. இரண்டையும் எதுகையாக்கி ஒரு பழமொழியே வழங்கியது: துன்பம் ‘ஹெக்ஸ்ட்’ ஆகும்போது தீர்வு ‘நெக்ஸ்ட்’ ஆகும். துயரம் உச்சியைத் தொடும்போது மருந்து மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள். பிற்பாடு ‘ஹெக்ஸ்ட்’ செத்துப்போய் அதன் இடத்தில் ‘ஹையஸ்ட்’ புதிதாக முளைத்தது. ‘நெக்ஸ்ட்’ மட்டும் தப்பிப் பிழைத்தது. ஆனால் தன் அண்ணன் தம்பிகளை மறந்துவிட்டு, ‘அடுத்தது’ என்ற தனிப்பொருளோடு தனிக்குடித்தனம் போய்விட்டது.

இது தமிழ் வாசகருக்கு வியப்பாக இருக்கக் கூடாது. நம் ‘அடுத்த’ என்ற சொல்லும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. ‘அடுத்தல்’ என்றால் நெருங்குதல், சேர்தல். நெருங்கியிருப்பது ‘அடுத்த வீடு’. நெருங்கி வருவது ‘அடுத்த வாரம்’. இடத்தில் பக்கம் என்பது வரிசையில் பின் என்றாகிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே வளைவில் திரும்பியிருக்கின்றன.

‘நெக்ஸ்ட்’ சொல்லின் பழைய பொருள் முற்றிலும் போய்விடவும் இல்லை. வங்கிப் படிவங்களில் ‘நெக்ஸ்ட் ஆஃப் கின்’ என்று கேட்கிறார்களே, அதற்கு ‘இரத்த உறவில் மிக நெருங்கியவர்’ என்று பொருள். நம் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வயது வராத பிள்ளைக்காக வழக்குத் தொடுப்பவரை ‘நெக்ஸ்ட் ஃபிரண்ட்’ என்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் ‘அடுத்த நண்பர்’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். பிள்ளையின் நலனுக்கு மிக நெருக்கமாக நிற்பவர் என்பதே கருத்து.

‘இன்னும் அருகில்’ என்ற சொல் எப்படி வெறும் ‘அருகில்’ ஆனது? இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்தன. ஒன்று, பேச்சின் இயல்பு. “இன்னும் கிட்ட வா” என்று ஒருவனை அழைக்கிறோம். அவன் வந்து நின்ற பிறகு அந்தச் சொல் அழைப்பில் இருந்த ஒப்பீட்டை இழந்து, அவன் நிற்கும் இடத்தையே குறிக்கத் தொடங்கிவிடுகிறது. வா, போ, இழு என்ற அசைவு வினைகளோடு ‘நேஅர்’ வந்த இடங்களிலெல்லாம் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு இருந்தது.

மற்றொரு காரணம் கடல் கடந்து வந்தது. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டென்மார்க், நார்வே பகுதிகளைச் சேர்ந்த ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் படையெடுத்து வந்து, பிறகு குடியேறி, உழுது வாழ்ந்தார்கள். அவர்களுடைய மொழியில் ‘நேர்’ என்று ஏறத்தாழ ஒலிக்கும் ஒரு சொல் இருந்தது. அதுவும் வடிவத்தில் ‘இன்னும் அருகில்’தான், ஆனால் அவர்கள் முன்னதாகவே அதை ‘அருகில்’ என்ற பொருளில் புழங்கத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலேயரின் ‘நேஅர்’, குடியேறியவர்களின் ‘நேர்’ இரண்டும் ஒரே சந்தையில், ஒரே வயல்வரப்பில் கலந்தபோது, பழைய ‘நேஅஹ்’ ஒதுங்கிக்கொண்டது. இன்றைய டேனிஷ் மொழியில் அருகில் என்பதற்கு ‘நேர்’ என்று ஒலிக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. அந்த ஒலி ஒற்றுமையைக் கண்டு மீண்டும் தமிழ் நேருக்கு ஓடிவிட வேண்டாம். அங்கேயும் ரகரம் விகுதியே.

‘நியர்’ அருகில் என்றாகிவிட்டபின் ‘இன்னும் அருகில்’ என்று சொல்ல மொழிக்குச் சொல் இல்லாமல் போயிற்று. என்ன செய்வது? ஏற்கெனவே விகுதி பெற்ற சொல்லின் மேல் இன்னொரு விகுதியை ஏற்றினார்கள்: ‘நியரர்’. வேரோடு பார்த்தால் இதற்கு ‘இன்னும் இன்னும் அருகில்’ என்று பொருள். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். “இது பிழையல்லவா ஐயா?” என்பார்கள். அப்போது கரும்பலகையில் ‘அவர்கள்’ என்று எழுதுவேன். ‘அவர்’ என்பதே முதலில் பன்மை. பலரைக் குறித்த சொல். மரியாதைக்காக ஒருவரையும் அவர் என்று சொல்லச் சொல்ல, பன்மைப் பொருள் கரைந்தது. பலரைச் சொல்ல வேறு வழி இல்லாமல் ‘கள்’ விகுதியைச் சேர்த்து ‘அவர்கள்’ ஆக்கினோம். இரட்டைப் பன்மை! பிறகு அதையும் விடவில்லை. ‘தலைவர் அவர்கள்’ என்று அதையும் ஒருவருக்கே சூட்டிவிட்டோம். சிரிப்பு நின்றுவிடும். ஆங்கிலத்திலேயே ‘லெஸ்’ மேல் ஏறிய ‘லெஸ்ஸர்’ இரட்டை ஒப்பீடு. ‘சில்ட்ரன்’ இரட்டைப் பன்மை. ஓர் உறுப்பு தன் வேலையை மறக்கும்போது மொழி அதைத் திட்டுவதில்லை, பக்கத்தில் புதிதாக ஒன்றை வளர்த்துக்கொள்கிறது.

பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே காலத்தில் உயிரோடு இருந்ததற்கு ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் ஒரு வரி சாட்சி. 1606-ஐ ஒட்டி எழுதப்பட்ட நாடகம். மன்னன் கொல்லப்பட்டதும் அவனுடைய இளைய மகன் டொனால்பெய்ன் அண்ணனிடம் கிசுகிசுக்கிறான்: இரத்தத்தில் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கொலைக்கு நெருக்கம். இந்த வாக்கியத்தின் முதல் பாதியில் ‘நியர்’ என்றும் இரண்டாம் பாதியில் ‘நியரர்’ என்றும் வருகிறது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: இன்னும் நெருங்கிய. இன்றைய வாசகர் முதல் சொல்லைப் பார்த்து அச்சுப்பிழையோ என்று எண்ணக்கூடும். அது பிழையன்று, அந்தச் சொல் தன் பிறப்புப் பொருளோடு பேசிய கடைசிக் காலங்களில் ஒன்று.

ஒதுங்கிக்கொண்ட ‘நை’ பற்றியும் கொஞ்சம். அதை என், ஐ, ஜி, எச் என்று நான்கு எழுத்துகளில் எழுதுகிறார்கள், பின்னிரண்டும் ஒலிப்பதில்லை. ‘நைட்’, ‘லைட்’, ‘ஹை’, ‘டாட்டர்’ எல்லாவற்றிலும் இதே ஊமை எழுத்துகளைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அவை ஊமையல்ல. நாவின் பின்புறத்திலிருந்து உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலி அங்கே இருந்தது. ஜெர்மன் மொழியில் ‘நாஹ்ட்’, ‘லிஹ்ட்’, ‘டோஹ்டர்’ என்று இன்றும் கேட்கிறது. ஆங்கிலம் ஒலியைத் தொலைத்துவிட்டு எழுத்தை மட்டும் பூட்டி வைத்திருக்கிறது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டும்போது சபிக்கும் அந்த இரண்டு எழுத்துகள்தான் சொல்லாய்வாளருக்குக் கிடைத்த கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டு மிகத் தெளிவாக இருக்கும் சொல் ‘நெய்பர்’. அண்டை வீட்டுக்காரர். இதன் எழுத்துக்கூட்டல் ஏன் இவ்வளவு கோணலாக, நடுவில் ஜி, எச் என்று இருக்கிறது? பழைய ஆங்கிலத்தில் ‘நேஅஹ்’, ‘கெபூர்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து ‘நேஅஹ்கெபூர்’ என்றானது. நேஅஹ் என்றால் அருகில். கெபூர் என்றால் குடியிருப்பவர், குடியானவர். அருகில் குடியிருப்பவர் நெய்பர். நாமும் ‘அண்’ என்ற வேரிலிருந்து அண்மை, அணுகு என்றெல்லாம் ஆக்கி, அதே வேரில் ‘அண்டை’ வீட்டாரையும் வைத்திருக்கிறோம்.

இந்தக் ‘கெபூர்’ யார் என்று பார்த்தால் சொல் மண்வாசனை பிடிக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முந்தைய இங்கிலாந்தில் பெரிய பண்ணைகளில் யார் யாருக்கு என்ன கடமை, என்ன உரிமை என்று வரையறுத்த ஓர் ஆவணம் கிடைத்திருக்கிறது. அதில் கெபூருக்குத் தனிப் பகுதி. நிலத்தில் குடியமர்த்தும்போது அவருக்கு இரண்டு எருதுகள், ஒரு பசு, ஆறு ஆடுகள், விதைத்த ஏழு ஏக்கர் தரவேண்டும். பதிலுக்கு அவர் வாரத்தில் இரண்டு நாள் பண்ணைக்கு உழைக்கவேண்டும், அறுவடைக் காலத்தில் மூன்று நாள். அவர் இறந்தால் எஞ்சியிருப்பதைப் பண்ணை உடையவர் எடுத்துக்கொள்வார். ‘நெய்பர்’ என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் சொல்லின் பின்பாதியில் இந்த மனிதர் குனிந்து நின்று உழுதுகொண்டிருக்கிறார்.

அவருடைய உறவினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். டச்சு மொழியில் ‘பூர்’ என்றால் உழவர். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சத்தாரைப் போயர் என்றதும், 1899 முதல் 1902 வரை நடந்ததைப் போயர் போர் என்றதும் அதனால்தான். ஜெர்மனில் உழவர் ‘பவுவர்’, அண்டை வீட்டார் ‘நாஹ்பார்’. நாகரிகம் தெரியாதவனை ஆங்கிலத்தில் ‘பூர்’ என்று ஏசுவார்களே, அதுவும் இதே உழவர்தான். ஊரில் உழுபவனின் பெயரை நகரத்தில் இருப்பவன் வசவாக்கிக்கொள்ளும் வழக்கம் எங்கும் இருக்கிறது. நம்மிடம் ‘பட்டிக்காட்டான்’ என்ற சொல் படும் பாடு தெரிந்ததுதானே.

இன்னும் ஆழமாகத் தோண்டினால், குடியிருத்தலைக் குறிக்கும் அந்த ‘பூர்’ என்பதன் வேர், இருத்தல் என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். ஆங்கிலத்தின் ‘பி’ என்ற வினையும் ‘பில்ட்’ என்ற வினையும் அதிலிருந்து வந்தவை. சமஸ்கிருதத்தில் அதே வேர் ‘பூ’ என்று நிற்கிறது. நாம் அங்கிருந்து கடன் வாங்கிய பூமி, பவனம் ஆகியவை அதன் பிள்ளைகள். ஆக, ‘நெய்பர்’ சொல்லின் பின்பாதிக்கு நாம் புழங்கும் ஒரு சொல்லோடு தூரத்து உறவு மெய்யாகவே உண்டு. அது ‘பவனம்’. உறவு வந்த வழி மட்டும் சமஸ்கிருதம்.

முன்பாதியான நேஅஹ்வுக்கோ, ஆங்கிலம், ஜெர்மன், டேனிஷ் முதலியவை அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துக்கு வெளியே உறுதியான உறவுச் சொல் இல்லை. அந்தக் குடும்பத்துக்குள் மட்டும் கோதிக் என்ற அழிந்துபோன ஜெர்மானிய மொழியில் 4-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட வேதாகம மொழிபெயர்ப்பு வரை அதைத் தொடர்ந்து போகலாம். அங்கே அண்டையில் இருப்பவர் ‘நேஹ்வுந்தியா’. அங்கும் ரகரம் இல்லை.

ஆகவே ‘நேர்’ பற்றிய கேள்விக்கு முடிவாக வருகிறேன். தமிழ் ‘நேர்’ சொல்லில் ரகரம் வேரைச் சேர்ந்தது. நேர், நேர்தல், நேர்மை, நேரில் என்று எப்படித் திருப்பினாலும் அது போகாது. மலையாளத்திலும் நேர் என்றால் உண்மை, நேர்மை. பொருளிலும் நேர் என்பது கோணாமை, எதிர்ப்படுதல், ஒத்திருத்தல். ‘நியர்’ பக்கமோ, பின்னோக்கிப் போகப் போக ரகரம் உதிர்ந்து ஹகரம் எஞ்சுகிறது. இன்றைய இரண்டு முகங்கள் ஒத்திருக்கின்றன; பாட்டன் முகங்கள் ஒத்திருக்கவில்லை. சொல்லாய்வில் பாட்டன் முகத்தைத்தான் பார்க்கவேண்டும்.

இதைச் சொன்னால் தமிழின் பெருமையைக் குறைக்கிறேன் என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் தமிழுக்கு இரவல் நகை எதற்கு? கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனதை யாராலும் மறுக்க முடியாது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயணநூலில், சோழமண்டலக் கடற்கரையில் கண்ட மரங்களைக் கட்டி மிதக்கவிடும் கலத்துக்கு அந்தப் பெயரைப் பதிவு செய்திருக்கிறார். சுருட்டு ‘செரூட்’ ஆனதும் மிளகுத்தண்ணீர் ‘முல்லிகட்டானி’ ஆனதும் அப்படியே. எந்தப் பொருள், எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் என்று வழி தெரிகிறது. பொருளோடு சேர்ந்து பெயரும் பயணம் போகும். ‘அருகில்’ போன்ற அன்றாட அடிப்படைச் சொல்லை வணிகக் கப்பலில் ஏற்றி யாரும் கொண்டுபோவதில்லை. ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்ததுகூட ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்ந்ததால் நடந்தது.

இனி உங்கள் இரண்டாம் பாதி.

‘குளோஸ்’ சொல்லின் கதை நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது. லத்தீனில் மூடு என்பதற்கான வினையின் எச்சம் அது. பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அதற்கு ‘அடைக்கப்பட்ட’ என்றுதான் பொருள். எடின்பரோ நகரின் பழைய பகுதியில் இருபுறமும் வீடுகள் உயர்ந்து நிற்கும் குறுகிய சந்துகளுக்கு இன்றும் ‘குளோஸ்’ என்றே பெயர். இடைவெளியை அடைத்துவிட்டால் என்ன எஞ்சும்? நெருக்கம். அப்படித்தான் மூடிய என்பது நெருங்கிய என்று திரும்பியது. காற்றோட்டமில்லாத புழுக்கமான நாளையும் அதே சொல்லால் ஆங்கிலேயர் குறிப்பதுண்டு. நம் ‘நெருக்கம்’ இதன் இரட்டைப்பிறவி போலிருக்கிறது. கூட்ட நெருக்கம் மூச்சு முட்டவைப்பது. நட்பில் நெருக்கம் இனிப்பது. ஒரே சொல்தான்.

இந்த வேர்ப்பொருள் தெரிந்தால் பயன்பாட்டு வேறுபாடு மனப்பாடம் இல்லாமலே விளங்கும். ‘நியர்’ தொலைவை அளக்கிறது. ‘குளோஸ்’ இடைவெளி இல்லாமையைச் சொல்கிறது. அதனால்தான் உயிர்த்தோழனைச் சொல்ல ‘குளோஸ்’ வருகிறது, ‘நியர்’ வருவதில்லை. இந்தியாவில் நாம் ‘நியர் ஃபிரண்ட்’ என்று எழுதினால் ஆங்கிலேயர் காதில் அது இடிக்கும். ‘நியர்லி’ என்பதும் ஒரு காலத்தில் ‘நெருக்கமாக’ என்றே பொருள்பட்டது. பிறகுதான் ‘ஏறக்குறைய’ என்றானது. கிட்டத்தட்ட என்று நாம் சொல்வதிலும் ‘கிட்ட’ இருக்கிறது, பாருங்கள்.

‘நியர்’ பற்றி எனக்கு மிகப் பிடித்த ஒரு கிளைக்கதை உண்டு. வண்டியின் இடப்பக்கத்தை ஆங்கிலேயர் ‘நியர்சைடு’ என்கிறார்கள், வலப்பக்கத்தை ‘ஆஃப்சைடு’. குதிரையிலிருந்து வந்த வழக்கு இது. குதிரையை இடப்பக்கம் நின்றே பிடிப்பார்கள், இடப்பக்கமிருந்தே ஏறுவார்கள். ஆகவே ஆளுக்கு அருகில் இருப்பது இடப்பக்கம். குதிரை போய்க் கார் வந்தது. பிரிட்டனில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். ஆனாலும் இடப்பக்கம்தான் இன்றுவரை ‘நியர்சைடு’. ஓட்டுநருக்குத் தொலைவில் இருக்கும் பக்கத்துக்கு ‘அருகுப் பக்கம்’ என்று பெயர்! குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் போய் எத்தனையோ காலமாயிற்று. அவர் நின்ற இடம் மட்டும் சொல்லில் நிலைத்திருக்கிறது.

‘பிராக்ஸிமிட்டி’ லத்தீன் பிள்ளை. லத்தீனில் அருகில் ‘ப்ரோபே’, இன்னும் அருகில் ‘ப்ரோபியோர்’, மிக அருகில் ‘ப்ராக்ஸிமுஸ்’. நை, நியர், நெக்ஸ்ட் போலவே மூன்று படிகள். மூன்றாவது படியிலிருந்து வந்தது ‘பிராக்ஸிமிட்டி’. நம் பழைய அலுவலகக் கடிதங்களில் தேதிக்குப் பக்கத்தில் ‘ப்ராக்ஸ்’ என்று சுருக்கி எழுதுவார்கள். அடுத்த மாதம் என்று பொருள். மிக அருகில் என்பது அடுத்தது என்றாவது லத்தீனிலும் நடந்திருக்கிறது. ‘அப்ரோச்’, ‘அப்ராக்ஸிமேட்’ எல்லாம் இதே வீட்டுச் சொற்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்கு ப்ராக்ஸிமா என்று பெயர். வானியலாளர் ராபர்ட் இன்னெஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915-இல் அதைக் கண்டறிந்து, பிறகு இந்தப் பெயரை முன்மொழிந்தார். ‘மிக அருகில் இருப்பவள்’ என்று பெண்பாலில் பெயர். இருக்கும் தொலைவோ 4.24 ஒளியாண்டு, ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர்.

அந்த ‘ப்ராக்ஸிமுஸ்’ வேதாகமத்திலும் வருகிறது. உன்னைப் போலவே அயலானையும் நேசி என்ற கட்டளையில், லத்தீன் மொழிபெயர்ப்பு ‘ப்ராக்ஸிமுஸ்’ என்கிறது, ஜெர்மன் ‘நேஹ்ஸ்ட்டர்’ என்கிறது. இரண்டும் ‘மிக அருகில் இருப்பவர்’. ஆங்கிலம் ‘நெய்பர்’ என்கிறது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு ‘பிறன்’ என்று போட்டது. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘உனக்கு அடுத்திருப்பவர்’ என்று போட்டது. எனக்கு இரண்டாவதுதான் உயர்வாகத் தோன்றுகிறது. ‘பிறன்’ என்ற சொல் மனிதரை நம்மிடமிருந்து பிரித்துவைக்கிறது. ‘அடுத்திருப்பவர்’ லத்தீனுக்கும் ஜெர்மனுக்கும் சொல்லளவிலும் மிக நெருங்கி நிற்கிறது. ‘அயலார்’ போட்டிருக்கலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் தமிழில் ‘அயல்’ இரண்டு முகமுடையது. அயல்வீடு பக்கத்தில் இருக்கிறது, அயல்நாடு தூரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டாரும் முன்பின் தெரியாதவரும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

‘விசினிட்டி’ பற்றிச் சுருக்கமாக: லத்தீனில் ஊர், தெரு என்ற பொருளுள்ள ‘வீகுஸ்’ என்பதிலிருந்து வந்தது. ஒரே தெருக்காரர்கள் என்ற கருத்து. கிரீன்விச், நார்விச், ஏன் சாண்ட்விச் என்ற ஊர்ப்பெயரின் வாலில் இருப்பதும் இதே சொல்தான். ஆகையால் நீங்கள் கடையில் வாங்கும் சாண்ட்விச்சுக்குள்ளும் ஒரு லத்தீன் தெரு இருக்கிறது. தமிழில் ‘சுற்றுவட்டாரம்’ என்றால் சரியாகப் பொருந்தும்.

கடைசியாக ‘அட்ஜசென்ட்’, ‘அட்ஜாயினிங்’. இவற்றை ஒன்றாக்கிவிடாதீர்கள். முதலாவதற்கு வேர்ப்பொருள் ‘பக்கத்தில் கிடக்கும்’. இரண்டாவதற்கு ‘சேர்ந்த, இணைந்த’. முதலாவதில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் நிலப் பத்திரத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க உதவினேன். இரண்டு மனைகளை ‘அட்ஜசென்ட்’ என்று குறித்திருந்தார்கள். முன்பே ஒருவர் செய்திருந்த தமிழாக்கத்தில் ‘ஒட்டியுள்ள மனைகள்’ என்று இருந்தது. போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஆறடி அகலத்தில் பொது வாய்க்கால் ஓடுகிறது. ஒட்டியுள்ளது என்று பதிவாகியிருந்தால் அந்த வாய்க்கால் யாருடையது என்று பின்னாளில் வழக்கு வந்திருக்கும். ‘வாய்க்காலுக்கு மேற்கில், பக்கத்தில் உள்ள மனை’ என்று திருத்தி எழுதி, நான்கெல்லையில் வாய்க்காலையும் சேர்த்தோம். அன்றுமுதல் ‘அட்ஜசென்ட்’ வந்தால் ‘பக்கத்தில் உள்ள’ என்றும், ‘அட்ஜாயினிங்’ வந்தால் ‘ஒட்டியுள்ள’ என்றும் எழுதிவருகிறேன். பத்திரம் மொழிபெயர்க்கும் வேலை உங்களுக்கு வந்தால் நீங்களும் அப்படியே எழுதுங்கள். எழுதும் முன் ஒரு நடை இடத்தைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.